மருந்து இல்லாத தண்ணீர்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

கருவி பொருத்தியபோது பம்பு அறையில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டிருந்தாய். நான். உன் அத்தான். பிளம்பர். நான்காம் மாடி நர்ஸ். இரண்டாம் மாடி டியூஷன் டீச்சர். உன் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டே கடைசிவரை போனில் பேசிக்கொண்டிருந்தார், அவரை அரை ஆள் என்று வைத்துக்கொள். வாட்ச்மேன் வாசலோடு நின்றுவிட்டார், உள்ளே காலை வைக்கவில்லை. ஆக மொத்தம் ஆறரைப் பேர். நீ வரவில்லை. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

மேல்தொட்டிக்கு ஏறும் பிளாஸ்டிக் குழாயில் செம்புக் கம்பியைச் சுற்றினார்கள். பக்கத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. சுவிட்சைப் போட்டதும் உள்ளே வண்டு மாட்டிக்கொண்டதுபோல் ஒரு சத்தம். டீச்சர் இரண்டடி பின்னால் போய், "ஏங்க, இந்தத் தண்ணியில குளிச்சா ஷாக் அடிக்காதே?" என்றார். பிளம்பர், "அடிச்சா நல்லதுதான் டீச்சர், உங்க பசங்க எல்லாம் சுறுசுறுப்பா ஆயிடுவாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் அத்தானின் நெஞ்சு உனக்குத் தெரியும். போன வருஷம் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு அல்லாடினார். தினமும் இரண்டு வேளை ஆவி பிடிக்கிறார். இந்தத் தண்ணீரில்தான். தொட்டியில் குளோரின் மருந்து போடுவதை நிறுத்தப் போகிறோம் என்று உன் ஆட்கள் சொல்கிறார்கள். ஊரில் இத்தனை கட்டடம் இருக்க, சோதித்துப் பார்க்க உனக்கு அக்கா வீடுதானா கிடைத்தது?

தினமும் உனக்காக ஜெபிக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

மார்ச் 10

அக்கா,

உன் வீட்டைப் பிடித்ததற்குக் காரணம் நீதான். எங்கள் கம்பெனியில் படித்தவர்கள் முப்பது பேர் இருக்கிறோம். தொட்டி என்றைக்குக் கழுவியது, எத்தனை மணிக்கு மோட்டார் போட்டது, எந்தக் குழாயில் வாடை வந்தது என்று ஏழு வருஷமாக ஒரு நாள் விடாமல் எழுதி வைத்திருப்பவர் உன்னைத் தவிர யாரும் இல்லை. "எங்க அக்கா எழுதினா எழுதினதுதான் சார்" என்று மேலதிகாரியிடமே சொல்லியிருக்கிறேன்.

பயப்படாதே. விஷயம் சின்னது. தண்ணீர்க் குழாயின் உள்சுவரில் கிருமிகள் தனித்தனியாக இருப்பதில்லை. கூட்டமாக ஒட்டிக்கொண்டு, மேலே கூழ்போல ஒரு போர்வை போர்த்திக்கொள்ளும். சோப்பு டப்பாவின் அடியில் வழவழவென்று இருக்குமே, அதேதான். அந்தப் போர்வைக்குள் மருந்து சரியாக இறங்காது. கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடும்போது குழாய்க்குள் ஒரு காந்தத் துடிப்பு உண்டாகிறது. அது கிருமியைக் கொல்லாது. ஒட்டிக்கொள்ள விடாது, ஒட்டியதைத் தளர்த்தும். இதுதான் எங்கள் நம்பிக்கை. நம்பிக்கையை நிரூபிக்கத்தான் உன் கட்டடம்.

மார்ச் 15 முதல் தொட்டியில் குளோரின் மாத்திரை போடக் கூடாது. இதோடு ஒரு நோட்டு அனுப்பியிருக்கிறேன். உனக்கு வேலை குறையட்டும் என்று கட்டமெல்லாம் நானே போட்டு, மே 20 வரை தேதியும் எழுதிவிட்டேன். ‘மருந்து’ என்ற கட்டத்தில் எல்லா வரியிலும் ‘இல்லை’ என்று நானே நிரப்பிவிட்டேன். மற்றதை மட்டும் நீ எழுதினால் போதும். வாரம் ஒரு முறை குழாயில் செருகியிருக்கும் எஃகுத் தகட்டை எடுத்து, பாட்டிலில் போட்டு, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பு. தண்ணீரில் மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் அந்தச் சொட்டு டப்பாவைப் பிளம்பரிடம் கொடுத்துவிடு, வேறு இடத்துக்கு வேண்டும். மருந்தே இல்லாத தண்ணீரில் அதற்கு என்ன வேலை?

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

ஏப்ரல் 4

தம்பிக்கு,

நேற்று காலை ஆறு மணிக்கு வாளியில் தண்ணீர் பிடித்தேன். கறுப்பாக, தோல் உரிந்ததுபோல், துண்டு துண்டாக ஏதோ மிதந்தது. கையில் எடுத்தால் வழுக்கியது. எண்ணினேன், பதினேழு துண்டு. மூன்றாம் மாடியிலும் அப்படித்தானாம். டீச்சர் வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து, "உங்க தம்பி வண்டைக் கொண்டு வந்து வச்சாரு, இப்போ அது குட்டி போட்டிருக்கு பாருங்க" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அது போகட்டும். உன் அத்தானுக்கு மூன்று நாளாக இருமல். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு. மறுபடி பார்த்தேன், அதே. ஆவி பிடிக்கும் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. இப்போது இரண்டு தடவை கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டித்தான் கொடுக்கிறேன். அவர், "காய்ச்சின தண்ணியைக் காய்ச்சி, அதை மறுபடி காய்ச்சி... நீ எனக்கு ஆவி குடுக்கிறியா, கஷாயம் வைக்கிறியா?" என்று கேலி செய்கிறார். அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர். என் முகத்தில் இருப்பதைப் படிக்காமலா இருப்பார்?

தம்பி, ஒரு வாரம் மட்டும் மருந்து போடட்டுமா? போட்டுவிட்டு நோட்டில் எழுதிவிடுகிறேன். உடனே பதில் போடு.

அக்கா

*

ஏப்ரல் 9

அக்கா,

போனில் நேற்று நான் கத்தியது தப்புதான். ஆனால் சொன்ன விஷயம் தப்பில்லை, அதனால் எழுதியும் அனுப்புகிறேன். போடாதே.

அந்தக் கறுப்புத் துண்டுகள் கெட்ட செய்தி இல்லை. பல வருஷமாக ஒட்டியிருந்த போர்வை கிழிந்து வருகிறது. கருவி வேலை செய்கிறது! ஒவ்வொரு மாடியிலும் கடைசிக் குழாயைத் தினமும் பத்து நிமிஷம் திறந்து ஓட விடச் சொல். குடிக்கவும் ஆவி பிடிக்கவும் கொதிக்க வைத்த தண்ணீர். இது போதும்.

ஒரு மாத்திரை விழுந்தாலும் நாற்பது நாள் வேலை குப்பை. அப்புறம் சுத்தமானது கருவியாலா மருந்தாலா என்று யார் சொல்வது? இரண்டு வருஷமாக இதற்காக அலைகிறேன். இது நடக்கவில்லை என்றால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நீ சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். நான் சைக்கிள் கற்றுக்கொண்டபோது பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி வந்தாய். நீ விட்டிருந்தால் ஒரு வாரம் முன்னாலேயே ஓட்டியிருப்பேன். உன் பயத்தை என் தலையில் கட்டாதே.

இனி போன் வேண்டாம். நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், அத்தான் நடுவில் நின்று இருமுகிறார். எழுது.

தம்பி

*

மே 21

தம்பிக்கு,

நோட்டு முடிந்தது. பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஆய்வுக்கூடச் சீட்டுகள் ஒன்பதும் தேதிவாரியாக ஒட்டியிருக்கிறேன். ஏப்ரல் பாதிவரை எண்ணிக்கை ஏறியது. பிறகு இறங்கியது. கடைசி இரண்டு சீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுமில்லை. தகடு கண்ணாடிபோல் இருக்கிறது.

உன் அத்தானுக்கு இருமல் நின்றுவிட்டது. டீச்சர் இப்போது என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்.

நோட்டை யாருக்கெல்லாம் காட்டுவாய்? நம் கட்டடத்தோடு முடிந்துவிடும் இல்லையா? வேறு எங்கும் கொண்டு போவதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை எழுது. மறக்காதே.

அக்கா

*

ஜூன் 2

என் அருமை அக்கா!

நேற்று நோட்டைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினோம். உன் கையெழுத்து ஆறடி உயரத்துக்கு! ஒருவர் எழுந்து, "இவ்வளவு சுத்தமா ஒரு பதிவேட்டை நான் பார்த்ததே இல்லை, யாருங்க இவங்க?" என்றார். "எங்க அக்கா, எட்டாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம், மத்தது எல்லாம் தானா படிச்சது" என்றேன். கை தட்டினார்கள்.

இதைக் கேள். இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. இருநூறு படுக்கை. மருந்து போட்டுப் போட்டு அவர்கள் குழாயெல்லாம் அரித்து ஓட்டையாகிவிட்டது. உன் நோட்டைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். முதலில் ஒரு வருஷம் சோதிக்கலாம் என்றுதான் சொன்னார்கள். நோட்டைப் பார்த்தபின் நேராகவே செய்யலாம் என்று ஆஸ்பத்திரியின் தலைமை எஞ்சினியர் சொல்லிவிட்டார். பத்தாம் தேதி கருவி ஓட ஆரம்பிக்கும், அன்றே மருந்தை நிறுத்துகிறோம். நான் இங்கேயே தங்கியிருக்கிறேன். விலாசம் பின்னால்.

நீ பிடித்துக்கொண்டு ஓடிய சைக்கிள் ஓடுகிறது அக்கா.

தம்பி

*

ஜூன் 7

தம்பி,

இதைத் தனியாக உட்கார்ந்து படி. யாரும் பக்கத்தில் வேண்டாம்.

நான் மருந்து போட்டேன்.

ஏப்ரல் 12 முதல் மே 20 வரை, செவ்வாயும் வெள்ளியும். ஒரு தடவைக்கு ஆறு மாத்திரை. மொத்தம் பன்னிரண்டு தடவை, எழுபத்திரண்டு மாத்திரை. மதியம் வாட்ச்மேன் சாப்பிடப் போகும் நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய், தொட்டி மூடியைத் தூக்கிப் போட்டேன். உன் அத்தானுக்குக்கூடத் தெரியாது.

உன் கடிதம் வந்த அன்று அவருக்கு நூற்றொன்று காய்ச்சல். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. போன வருஷமும் அப்படித்தான் ஆரம்பித்தது. உன் வேலை ஒரு பக்கம், அவர் மூச்சு ஒரு பக்கம் என்று நிறுத்துப் பார்க்க எனக்கு நேரமில்லை. எழுந்து போய்ப் போட்டேன். அவர் தேறியது மருந்தாலா, காய்ச்சிய தண்ணீராலா, தானாகவா, எனக்குத் தெரியாது. ஆனால் தேறினார். அதனால் நிறுத்தத் தைரியம் வரவில்லை.

நோட்டில் ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று நீ முன்னாலேயே எழுதி வைத்திருந்தாய். அதை அடிக்க வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். உன் எழுத்து முத்து முத்தாக இருந்தது. அடிக்கவில்லை. ‘பொய்யை நான் எழுதவில்லையே, அவன்தானே எழுதினான்’ என்று ஆண்டவனிடமே வாதாடினேன். நான் கையால் எழுதியதெல்லாம் உண்மை. எழுதாமல் விட்டதுதான் பொய். சொட்டு டப்பா இருந்திருந்தால் தண்ணீராவது காட்டிக் கொடுத்திருக்கும். அதையும் நீ வாங்கிக்கொண்டாய். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. குற்றம் என்னுடையது.

என் ஜெப நோட்டில் ஒவ்வொரு தடவையும் தேதி போட்டு, ‘இன்றும் போட்டேன், மன்னியும்’ என்று எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு வரி இருக்கிறது.

உன் கருவி பொய் என்று நான் சொல்லவில்லை. நல்லதா கெட்டதா என்று யாருக்கும் தெரியாதபடி செய்துவிட்டேன். என் நோட்டை நம்பி ஆஸ்பத்திரியில் மருந்தை நிறுத்தாதே. நேற்றிலிருந்து உனக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன், அத்தான் போனிலிருந்தும் போட்டேன். எடு தம்பி. எடு.

அக்கா

*

ஜூன் 13

அக்கா,

உன் கடிதம் நேற்று மதியம்தான் கைக்கு வந்தது. பத்தாம் தேதியே மருந்தை நிறுத்திவிட்டார்கள்.

நான் நாள் முழுக்கக் கீழ்த்தளத்தில். அங்கே சிக்னல் கிடையாது. மேலே வந்து பார்த்தால் உன் பெயரில் பத்தொன்பது அழைப்பு. பழைய சண்டையைத்தான் கிளப்பப் போகிறாய் என்று எடுக்காமல் விட்டேன். இப்போது எடுக்கவும் முடியாது. ஆஸ்பத்திரி விடுதியில் அந்தத் தலைமை எஞ்சினியரோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறேன், அவர் காதில் ஒரு வார்த்தை விழுந்தால் முடிந்தது. குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்மேல் கோபப்படக்கூட எனக்கு நேரமில்லை. நேற்று வந்த சீட்டில் கிருமி எண்ணிக்கை மூன்று மடங்கு. குழாயில் கறுப்புத் துண்டு வர ஆரம்பித்துவிட்டது. எஞ்சினியர், "உங்க அக்கா வீட்லயும் முதல்ல இப்படித்தானே வந்துச்சு? நோட்லயே இருக்கே" என்று சிரிக்கிறார். உன் நோட்டைக் காட்டி என்னையே தைரியப்படுத்துகிறார் அக்கா. எவ்வளவு நம்புகிறார்கள் என்றால், சிறுநீரகப் பிரிவில் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரங்களுக்கு முன்னால் இருந்த கரி வடிகட்டியைக்கூடக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்கள். மருந்தில்லாத தண்ணீருக்குக் கரி எதற்கு என்று. ஆறு இயந்திரம், ஒரு நாளைக்குப் பதினெட்டு நோயாளி.

உண்மையைச் சொன்னால் என்னை மட்டும் அல்ல, கம்பெனியையே வெளியே தள்ளுவார்கள். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். வழி காட்டியது நீதான். 17ஆம் தேதி மதியம் எஞ்சினியர் ஊருக்குப் போகிறார். அவர் போனதும் நானே மேல்தொட்டியில் மாத்திரை போட்டுவிடுகிறேன். எண்ணிக்கை இறங்கிவிடும். யாருக்கும் தெரியாது. யாருக்கும் ஒன்றும் ஆகாது. நீ செய்ததைத்தானே நானும் செய்யப் போகிறேன்? அந்த ஜெப நோட்டை எரித்துவிடு.

தம்பி

*

ஜூன் 16, காலை ஐந்தரை

தம்பி,

போடாதே. அந்த மாத்திரையைத் தொட்டியில் போடாதே. மீதியைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படி.

உன் கடிதம் நேற்று சாயங்காலம் வந்தது. படித்து முடித்ததும் கரி என்ற வார்த்தையிலேயே என் மனசு நின்றுவிட்டது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. நேரே நான்காம் மாடிக்கு ஏறினேன். நர்ஸ் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கிட்னி மெஷினுக்கு முன்னாடி கரி வைப்பாங்களே, அது எதுக்கு?"

"தண்ணியில இருக்கிற குளோரினைப் பிடிச்சு வைக்கத்தான் அக்கா. ஏன் கேக்கறீங்க?"

"பிடிக்காம விட்டா?"

"ஐயோ, நாம குடிக்கிற தண்ணி வயித்துக்குத்தான் போகுது. அங்க ரத்தத்துக்குப் பக்கத்துலயே ஓடுது. குளோரின் உள்ள போச்சுன்னா ரத்த அணு உடைஞ்சிடும். உயிருக்கே ஆபத்து. கரி சரியா இருக்கான்னு தினமும் சோதிக்காம மெஷினையே போட மாட்டோம். என்னக்கா, ஏன் உக்காந்துட்டீங்க? தண்ணி குடிக்கிறீங்களா?"

தண்ணீர் குடிக்கிறீர்களா என்று அவள் கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

உனக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்ததுதான், மறந்துவிட்டது. பயத்தில் அப்படித்தான் மறக்கும். ஏப்ரலில் எனக்கும் அப்படித்தான். நான் போட்டது குளிக்கிற தண்ணீரில். நீ போடப் போவது பதினெட்டுப் பேர் ரத்தத்தில். நான் செய்ததையே நீயும் செய்வதாக எழுதியிருக்கிறாய். அது என் கன்னத்தில் விழுந்த அறை. வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அதே வேலை இல்லை இது. அப்படியே யாருக்கும் ஒன்றும் ஆகாமல் எண்ணிக்கை இறங்கினாலும், அந்தச் சீட்டைக் காட்டி நாளைக்கு மூன்றாவது இடத்தில் மருந்தை நிறுத்துவீர்கள். அங்கே யார் ஒளிந்து போய்ப் போடுவது?

இப்போது அவர்கள் குளிக்கிற, முகம் கழுவுகிற தண்ணீரும் நல்லதில்லை. அதனால் சும்மா இருப்பதும் ஆகாது. நர்ஸைக் கேட்டு எழுதுகிறேன்: முதலில் கரியை மாட்டிச் சோதிக்க வேண்டும். அதுவரை அந்த ஆறு இயந்திரத்தையும் நிறுத்தி, நோயாளிகளை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு அப்புறம்தான் தொட்டிக்கு மருந்து, அதுவும் எல்லாரும் பார்க்க. உண்மையைச் சொல்லாமல் இதில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது. நானும் வேறு வழி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

ஆஸ்பத்திரிக்கு நேற்று ஏழு மணிக்குப் போன் போட்டேன். "தண்ணி கம்ப்ளெயின்டா? நாளைக்குப் பத்து மணிக்கு மேல பேசுங்க. நீங்க எந்த வார்டும்மா?" என்றாள் ஒரு பெண். எந்த வார்டும் இல்லை என்றேன். வைத்துவிட்டாள். பத்து மணிக்கு மறுபடி போடுவேன். உனக்கும் போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

உன் அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜெப நோட்டை வாங்கி அந்தப் பன்னிரண்டு வரியையும் படித்தார். அப்புறம், "எனக்காகப் போட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். "அடியே, முப்பது வருஷம் நான் திருத்தினதுல இவ்வளவு பெரிய பிழை வந்ததே இல்ல" என்றார். திட்டுகிறாரா, கேலி செய்கிறாரா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "எந்த பஸ்ஸு?" என்று கேட்டார். நான் கிளம்புகிறேன் என்றேன், விடவில்லை. "நீ போனா அவன் முன்னாடி அழுதுட்டு நிப்பே. நான் போறேன். எனக்கு நெஞ்சுதான் சரியில்ல, நாக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். முதல் பஸ் ஆறு இருபதுக்கு. மருந்து, மூச்சு இழுக்கும் பம்பு, இரண்டு பாட்டில் காய்ச்சிய தண்ணீர் எல்லாம் பையில் வைத்திருக்கிறேன். சாயங்காலம் நான்கு மணிக்கு உன் முன்னால் நிற்பார். அவரை மாடி ஏற விடாதே, நீ இறங்கி வா.

அவரிடம் இரண்டு உறை இருக்கின்றன. ஒன்று இது. இன்னொன்று தலைமை எஞ்சினியருக்கு. அதற்குள் என் ஜெப நோட்டின் அந்தப் பன்னிரண்டு வரிகளும், நடந்ததை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டதும் இருக்கின்றன. மருந்து போட்டது நான், மறைத்தது நான், தம்பிக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். ஜூன் 12 வரை அது உண்மை. பன்னிரண்டுக்கு அப்புறம் என்ன என்று அதில் எழுதவில்லை. அது நீ எழுத வேண்டியது. நீ இதைப் படித்து முடிக்கும்வரை அத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நீயே எஞ்சினியரிடம் அழைத்துப் போனால் கூட வருவார். நீ மாட்டேன் என்றால் தனியாகப் போவார். உன்னை மிரட்டவில்லை தம்பி. அந்தப் பதினெட்டுப் பேரின் வீட்டிலும் இப்போது யாராவது பையில் மருந்து எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அதற்குமேல் எனக்கு வேறு எதுவும் நினைக்கத் தோன்றவில்லை.

வேலை போனால் இங்கே வா. டீச்சர் என்ன சொன்னாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

கரியை மாட்டிவிட்டார்களா, அந்த ஆறு இயந்திரமும் நின்றதா, இந்த இரண்டுக்கும் அத்தான் போனிலிருந்து இன்று சாயங்காலமே பதில் சொல். போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா